ஊற்றுக் கூட்டத்துக்குக் குறிப்பெழுதும் ஜெஸிந்தா

ஜெஸிந்தா பக்கத்தில் இருக்கும்போது பார்த்துப் பேச வேண்டும். பேசினால் எழுதிவிடுவாள். தும்மினாலும் எழுதிவிடுவாள்.

அது அவள் குற்றமில்லை, வேலை செய்த பழக்கம். குன்னூரில் ஏலத்துக்கு வரும் தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்லும் அலுவலகம் ஒன்றில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. நீள மேஜை, அதன்மேல் வரிசையாக வெள்ளைக் கிண்ணங்கள். இலையை நிறுத்துப் போட்டு, கொதிநீர் ஊற்றி, மணி பார்த்து வடித்து வைப்பது அவள். பிறகு ருசி பார்ப்பவர் கரண்டியோடு வருவார். ஊரில் வேறு யாராவது டீயை அப்படி உறிஞ்சினால் வீட்டில் சோறு கிடைக்காது. இவருக்கு உறிஞ்சுவதுதான் உத்தியோகம். சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, சக்கரம் வைத்த தொட்டியில் துப்பிவிட்டு ஏதாவது ஒன்று முணுமுணுப்பார். "புகை." "கலர் இருக்கு, உயிர் இல்ல." "நல்ல டீதான், களைச்சுப் போயிருக்கு." பின்னாலேயே நடந்துகொண்டு ஜெஸிந்தா எழுத வேண்டும். இரண்டாம் தடவை சொல்ல மாட்டார். ஒரு சொல்லை மாற்றினால் ஒரு ஃபேக்டரியின் பழி இன்னொரு ஃபேக்டரியின் தலையில் விழும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அங்கிருந்த பெரியவர் சொன்னார்: "வாய் சொன்னத கை எழுதணும். நடுவுல மூளைய நுழைய விடாதீங்க." ஜெஸிந்தா அதை ஞானோபதேசம் மாதிரிப் பிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், சாமியார் பிரசங்கத்தில் எத்தனை தடவை 'ஆகவே' சொன்னார் என்று கணவன் டக்ளஸிடம் ஒப்பிப்பாள். போன ஈஸ்டருக்கு நாற்பத்தொன்று.

டக்ளஸுக்கு வெலிங்டனில் ராணுவ மெஸ்ஸில் சமையல் வேலை. நூறு பேருக்குச் சாம்பார் வைக்கிற மனுஷன், வீட்டில் வாய் திறப்பதற்கு யோசிப்பான். "ஜெஸி, நான் தூக்கத்துல எதாச்சும் உளறினா அதையும் எழுதி வெச்சிருக்கியா?" என்று கேட்டான் ஒருநாள். "தேதியோட இருக்குது, வேணுங்களா?" என்றாள். அப்புறம் அவன் கேட்கவில்லை.

ஊற்றுக் கூட்டத்துக்கு அவள் வந்த கதை அழகு. அவள் தெருக் குழாயில் பதினோரு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்து நிலையத்துக்கு மேலே ஒரு ஹாலில் தண்ணீர்க் கூட்டம் நடக்கிறது என்று கேள்விப்பட்டு, வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போனாள். பத்து நிமிடம் விடாமல் பேசினாள். கேட்டுக்கொண்டிருந்த ஆறு பேரும் தலையாட்டினார்கள். மூச்சு வாங்க நிறுத்தியபோது, நடுவில் இருந்த கண்ணாடிக்காரர் மெதுவாகச் சொன்னார்:

"அக்கா, நாங்க முனிசிபாலிட்டி இல்லீங்க."

"அப்பொறம் எதுக்குங்க தலையாட்டுனீங்க?"

"நல்லாப் பேசினீங்க. நடுவுல நிறுத்த மனசு வரல."

அந்தக் கண்ணாடிக்காரர் வெற்றிச்செல்வன், ஊட்டியில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பவர். கூட்டத்துக்கு அவர் வைத்த பெயர் நீளமானது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் லாரி வந்துவிட்டுப் போய்விடும். அதனால் எல்லோருக்கும் ஊற்றுக் கூட்டம். மலையில் எங்கெங்கே ஊற்று இருக்கிறது, எந்த மாதம் வற்றுகிறது, யார் யார் குடிக்கிறார்கள் என்று நடந்து போய்ப் பார்த்து, நெட்டில் ஒரு வரைபடத்தில் புள்ளி வைப்பார்கள். சம்பளம் கிடையாது. தலைவர் கிடையாது. வெற்றிச்செல்வன் கூட்டத்தின் நெட் பக்கத்தில் மூன்றே மூன்று விதி எழுதி வைத்திருந்தார்: யாரும் வரலாம், யாரும் படிக்கலாம், எதையும் அழிக்கக் கூடாது.

படிக்கலாம் என்றால் எதைப் படிப்பது? அதுதான் ஒன்றும் இல்லை. கூட்டத்தில் பேசினதை யாராவது ஒருவர் ஒரு நோட்டில் கிறுக்குவார். அதைப் போட்டோ பிடித்து வாட்ஸப்பில் போடுவார். போட்டோ தலைகீழாக இருக்கும். இரண்டு மாதத்துக் குறிப்பு ஜீப் ஓட்டும் காளிமுத்துவின் போனில், அவருடைய டயர் படங்களுக்கு நடுவே கிடந்தது. மார்ச்சில் எந்தப் பள்ளத்துக்குப் போவது என்று முடிவெடுத்துவிட்டு, ஏப்ரலில் அதே சண்டையை முதலிலிருந்து போட்டு, மே மாதம் ஒரே பள்ளத்துக்கு மூன்றாம் தடவையாகப் போய் நின்றார்கள். ஊற்றே சலித்துப்போயிருக்கும்.

ஜெஸிந்தா குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் கை வைத்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தாள். "இங்கே குடுங்க அந்தப் பேனாவ" என்றாள். அன்றைக்கு வாங்கிய பேனாதான்.

அலுவலகத்தில் தேயிலைச் சாம்பிள் டப்பாக்களை அடுக்குகிற மாதிரி குறிப்புகளை அடுக்கினாள். ஒரு கூட்டத்துக்கு ஒரு கோப்பு. தலைப்பில் முதலில் வருடம், அப்புறம் மாதம், அப்புறம் தேதி. அப்போதுதான் வரிசை குலையாது. கூட்டம் முடிந்த அன்றே தட்டச்சு செய்து, கூட்டத்தின் பக்கத்தில் போட்டு, வாட்ஸப் குழுவின் உச்சியில் சுட்டியைக் குத்தி வைத்துவிடுவாள். ஆறு மாதம் முன்னால் யார் என்ன சொன்னார் என்று கேட்டால், டீ ஆறுவதற்குள் எடுத்துக் கொடுத்தாள். வெற்றிச்செல்வன் கண் கலங்காத குறை.

ஆனால் அவள் எழுத்து இருக்கிறதே:

'3.10: காளிமுத்து வந்தார். தாமதத்துக்குக் காட்டெருமை காரணம் என்றார். 3.12: அதே காட்டெருமை போன மாதமும் அதே வளைவில் நின்றதாக வெற்றிச்செல்வன் சொன்னார். 3.13: காளிமுத்து முறைத்தார்.'

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று கதவைத் திறந்து வைத்தால் காளிமுத்து சும்மா இருப்பாரா? ஒருநாள் கோப்புக்குள் நுழைந்து, '3.14: காளிமுத்து அழகாக இருந்தார்' என்று சேர்த்துவிட்டார். எதையும் அழிக்கக் கூடாது என்பது விதி. ஜெஸிந்தா அழிக்கவில்லை. கீழே ஒரு வரி எழுதினாள்: 'மேற்கண்ட வரி நான் எழுதியதில்லை. வந்திருந்த மற்ற ஐவரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை.'

இரண்டு வருடம் இப்படிச் சிரிப்பும் தண்ணீருமாகப் போனது. கல்லுமேடு எஸ்டேட்டில் கூட்டம் போட்ட அன்றைக்கும் சிரிப்புதான்.

நல்ல கோடை. தொழிலாளர்கள் குடியிருக்கும் கீழ் லைன் வீடுகளுக்கு முன்னால் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்தார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். வெற்றிச்செல்வன் வரைபடத்தைக் காட்டி நீளமாகப் பேசி முடித்ததும், மாரியாயி என்கிற பெண் இடுப்பில் கை வைத்து எழுந்தாள். நாற்பது வயதிருக்கும். குரல் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

"ஏனுங்க, மலை மலையாத் தேடறீங்களே, எங்க லைனுக்குப் பின்னாடியே ஊத்து கெடக்குதுங்க. நர்சரிக்கு அந்தாண்ட. எஸ்டேட்டுல வேலி போட்டு அடச்சாங்க. அடச்சா விட்ருவமா? எங்க ஊட்டுக்காரரு செடி வெட்டற கவ்வாத்துக் கத்திய விட்டு நெம்பி மூணு கம்பிய நாந்தானுங்க கழட்டி வெச்சேன். விடிகாலம் அஞ்சரைக்கு நொழஞ்சம்னா, பெரட்டுல வேலைக்குப் பேர் கூப்புடறதுக்குள்ள ஆளுக்கு மூணு குடம். பீல்டு ஆபீசரு பைக்குச் சத்தம் ஒரு மைலுக்கு முந்தியே கேட்டுருமுங்க. அவரு வந்து சேர்றப்ப நாங்க துணி காயப் போட்டுட்டு நிப்போம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். காளிமுத்து விசில் அடித்தார். ஜெஸிந்தா அத்தனையும் எழுதினாள், விசிலையும் சேர்த்து. அன்று சாயங்காலமே பக்கத்தில் போட்டாள்.

எஸ்டேட் பெயரை நெட்டில் தேடினால் முதலில் வந்து நின்றது அந்தப் பக்கம்தான் என்பது அவளுக்குத் தெரியாது. எஸ்டேட் அலுவலகத்தில் யாரோ வேறு எதற்கோ தேடியிருக்கிறார்கள்.

பதினோராம் நாள், வியாழக்கிழமை, ஜெஸிந்தாவின் அலுவலக வாசலில் காளிமுத்துவின் ஜீப் நின்றது. காளிமுத்து ஹாரன் அடிக்காமல் இறங்கி வந்ததிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

"அக்கா, மாரியாயிய வேலைக்கு வர வேண்டாம்னுட்டாங்க."

"ஏனாம்?"

"வேலிக்கம்பி. நீங்க எழுதுனதப் பிரிண்டு போட்டு, மேனேஜரு பெரிய தொரை மேஜை மேல வெச்சு, 'இது நீ சொன்னதா'ன்னு கேட்டாங்களாம். வர்ற திங்கக்கெழமைக்குள்ள விளக்கம் எழுதிக் குடுக்கணுமாம். இல்லைன்னா சீட்டக் கிழிச்சுருவாங்களாம். சீட்டு கிழிஞ்சா லைன் ஊடும் போச்சுங்க."

"அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு?"

"'நாந்தான் சொன்னேன், நாந்தான் கழட்டுனேன்'னு சொல்லிருச்சு. வேலிய மூணு கம்பிக்கு அஞ்சு கம்பியாக் கட்டிட்டாங்க. கீழ் லைன் மொத்தமும் இப்ப ஃபேக்டரி டேங்கு வாசல்ல குடத்தோட நிக்குதுங்க."

ஜெஸிந்தாவுக்கு அன்றைக்கு வடித்த டீ எதுவும் கலராகவே தெரியவில்லை.

வீட்டுக்குப் போனதும் வெற்றிச்செல்வனுக்குப் போன் போட்டாள். வேலிக்கம்பி பற்றிய அந்த நான்கு வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். அவர் பக்கத்தைத் திறந்து பார்த்தார். அப்புறம், "எடுக்கலாங்க அக்கா. ஆனா எடுத்ததும் தெரியும். யார் எடுத்தாங்க, எப்ப எடுத்தாங்க, என்ன எடுத்தாங்கன்னு எல்லாம் வரலாறுல நிக்கும். அப்படித்தான் நானே அமைச்சு வெச்சேன்" என்றார். தன் கையால் நட்ட முள்ளில் தானே உட்கார்ந்தவர் குரல்.

ஜெஸிந்தா கேட்கவில்லை. எடுத்தாள். உடனே பக்கத்தில் சிவப்பில் கோடு போட்டு அந்த நான்கு வரியும் நின்றது. மேலே 'ஜெஸிந்தா நீக்கினார்' என்று ஒரு பட்டை. முன்பு நூறு வரிக்குள் ஒளிந்துகிடந்தது இப்போது பொட்டு வைத்துப் பூ வைத்து நின்றது.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த டக்ளஸ் சொன்னான்: "பூசணிக்காயச் சோத்துல மறைப்பாங்க, சரி. நீ பூசணிக்கா மேல கொடி ஏத்திட்டியே ஜெஸி."

"கொஞ்சம் சும்மா இருக்கறீங்களா?"

"நான் சும்மாதான் இருக்கேன். இதையும் எழுதிராத."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. டக்ளஸ் அதைப் பார்த்துவிட்டுப் போய் டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தான். ஜெஸிந்தா வரிகளைத் திரும்பப் போட்டாள். அதுவும் வரலாற்றில் ஏறியது.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, காளிமுத்துவின் ஜீப்பில் கல்லுமேட்டுக்குப் போனாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்து, ஒத்திகை பார்த்து, கடைசியில் மாரியாயி கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோய், "திட்டணும்னா திட்டிருங்க" என்றாள்.

"உள்ள வாங்க மொதல்ல. திட்டறதுக்கு நின்னுட்டாத் திட்டுவாங்க?" என்றாள் மாரியாயி. பாயை விரித்தாள். தண்ணீர் கொடுக்கச் சொம்பை எடுத்துவிட்டு, எட்டிப் பார்த்து, வைத்துவிட்டாள். சொம்பில் கொஞ்சம்தான் இருந்தது போல. ஜெஸிந்தா அதைப் பார்க்காத மாதிரி இருந்தாள்.

"நான் என்னங்க சொன்னேன்? தொரை ஆபீசுல என்னென்னமோ படிச்சாங்க. எனக்குப் பாதி காதுல ஏறல. நீங்க படிங்க, கேக்கறேன்."

ஜெஸிந்தா போனை எடுத்துப் படித்தாள். கைதட்டல், விசில், துணி காயப் போட்டது எல்லாம். மாரியாயி கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். முடிந்ததும், "இன்னொரு தடவ படிங்க" என்றாள். இரண்டாம் தடவை பைக் சத்தம் வந்த இடத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சும்மா சொல்லக் கூடாதுங்க, நான் நல்லாத்தான் பேசியிருக்கேன்."

"நீங்க பேசுனதுதான். நான் ஒரு எழுத்து மாத்தல."

"மாத்தலைங்கறது சரிங்க." மாரியாயி சிரிப்பை நிறுத்தினாள். "ஆனா நீங்க எழுதறப்ப, இது சங்கத்து நோட்டு, பொட்டில வெச்சுப் பூட்டுவாங்கன்னு நெனச்சேன். அது ஊரு உலகத்துக்குக் கேக்கும்னு ஒருத்தரும் சொல்லலையே. படிக்கத் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் நான் சொன்னது தெரியுது. சொன்ன எனக்கு மட்டுந்தான் தெரியல. அது என்ன நாயமுங்க?"

ஜெஸிந்தாவுக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருடமாகத் தேயிலையைப் பற்றி எழுதியிருக்கிறாள். தன்னைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று ஒரு தேயிலையும் கேட்டதில்லை. அந்தப் பழக்கத்திலேயே மனுஷரையும் எழுதிவிட்டாள். யாரும் படிக்கலாம் என்று பக்கத்தில் பெரிதாகப் போட்டிருந்தது. அதைப் படிக்கிறவர்களுக்குத்தானே அது தெரியும்?

"நாயமில்லைங்க" என்றாள்.

"செரி, விடுங்க. இப்ப என்ன பண்ணலாம்? நான் கழட்டலைன்னு பொய் எழுதிக் குடுக்க மாட்டேன். அப்பொறம் வேற ஒருத்தி தலைல விழும்."

"பொய் வேண்டாம். நாளைக்கு வேலிகிட்டயே கூட்டம் போடலாம். எல்லாரையும் வரச் சொல்லுங்க. அறிவிப்ப நான் அதே பக்கத்துல போடறேன்."

வாசலில் நின்ற காளிமுத்து தலையைச் சொறிந்தார். "அக்கா, அதே பக்கத்துல போட்டா எஸ்டேட்டுக்காரங்களும் படிப்பாங்களே?"

"படிக்கட்டும். யாரும் வரலாம்னுதான் போட்டிருக்குதே."

படித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு, ஒரு மைலுக்கு முன்பே சத்தம் கேட்க, பீல்டு ஆபீசர் டெனின் பைக்கில் வந்து இறங்கினார். இளவயசுக்காரர், நல்ல மாதிரி, ஆனால் அதை யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்ள ரொம்பப் பாடுபடுவார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "இங்க கூட்டம் போடப் பர்மிஷன் யாரு குடுத்தாங்க?" என்றார்.

"வாங்க சார், உக்காருங்க. பேர் சொல்லுங்க" என்றாள் ஜெஸிந்தா.

"எதுக்கு?"

"கூட்டத்துக்கு வந்தவங்க பேர் எழுதணுங்க."

"நான் கூட்டத்துக்கு வரல."

ஜெஸிந்தா எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தாள்: "10.32, டெனின் சார் வந்தார். கூட்டத்துக்கு வரவில்லை என்றார்."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டெனின் ஹெல்மெட்டைக் கழற்றி, வேறு வழியில்லாமல், ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் ஜெஸிந்தா ஒருபோதும் செய்யாத ஒன்றைச் செய்தாள். பேனாவை மடியில் வைத்துவிட்டுப் பேசினாள். "நீங்க இங்க சொல்றத நான் எழுதுவேன். எழுதறது நெட்டுக்குப் போகும். எஸ்டேட் படிக்கும், உங்க சம்பந்தி வீடு படிக்கும், வெளிநாட்டுல இருக்கறவன் படிப்பான். கடைசில நான் எல்லாத்தையும் படிச்சுக் காட்டுவேன். வேண்டாங்கறத வேண்டாம்னு சொல்லிருங்க. இப்ப யாரு பேசறீங்க?"

ஊற்று வேலிக்கு அந்தப் பக்கம் இருபதடி தூரத்தில் சலசலத்தது. பிறகு ஒருத்தி எழுந்தாள். "எம் பேரு சசிகலா. நானும் அந்தக் கம்பிக்குள்ள போனேன். மூணு வருசமா. எழுதுங்க." அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் இருமல்காரர் ஒருவர், நான் நுழையவில்லை, முதுகு வளையாது, குடத்தை வெளியே நின்று வாங்கினேன், அதையும் எழுது என்றார். காளிமுத்து ஜீப் ரேடியேட்டருக்கு எத்தனை தடவை ஊற்றினார் என்பதைச் சொன்னார். இருபத்திமூன்று பேர் ஆனது. டெனின் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாவம், எஸ்டேட் விளக்கம் கேட்டது ஒரே ஒரு ஆளிடம்.

"இதெல்லாம் சரிங்க," என்றார் கடைசியில். "வேலி போட்டது நர்சரிக்கு. காட்டெருமை நுழைஞ்சா நாத்து மிஞ்சுமா? ஃபேக்டரி டேங்க்ல தண்ணி விடறாங்கல்ல, அதக் குடிக்க என்ன?"

அப்போது பின்வரிசையில் தேவி எழுந்தாள். டெனின் தங்கியிருக்கும் குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்பவள். அதிகம் பேசாதவள்.

"சார், நம்ம ஊட்டுப் பைப்புல ரெண்டு மாசமாக் காத்துதான் வருது. உங்களுக்கு நெதமும் ரெண்டு கொடம் யாரு கொண்டாரா?"

"நீங்கதான். டேங்க்ல இருந்து..."

"டேங்குத் தண்ணில டீ போட்டா நீங்க குடிப்பீங்களா? 'தேவிக்கா, உங்க டீக்கே தனி ருசி'ன்னு சொல்லிட்டிருந்தீங்க. நாலு நாளா டீ ஏன் இப்படித் துரு வாசம் அடிக்குதுன்னு கேக்கறீங்க. நீங்கதானுங்க சார் வேலிய அடச்சுட்டீங்க."

மலையே சிரித்தது. வெற்றிச்செல்வன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டெனினின் காது மடல் இரண்டும் சிவந்து, கொதிநீர் ஊற்றிய இலை மாதிரி ஆனது.

ஜெஸிந்தா சொன்னபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தி, "போடலாமுங்களா?" என்று கேட்டாள். சசிகலா போடச் சொன்னாள். இருமல்காரர் முதுகைப் பற்றி மட்டும் வேண்டாம் என்றார். 11.25க்குத் தேவி டீயைப் பற்றிச் சொன்ன வரி வந்தது. தேவி போடலாம் என்றாள். ஆனால் அந்த வரி அவள் ஒருத்தியுடையது அல்ல.

டெனின் எழுந்து பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "மேடம், அது மட்டும் வேண்டாங்க. பெரிய தொரை இந்தப் பக்கத்தப் படிக்கிறாரு. நானும் அந்தத் தண்ணியத்தான் குடிச்சேன்னு தெரிஞ்சா..."

"போடுங்கக்கா!" என்று கத்தினார் காளிமுத்து. "பெரிய எழுத்துல போடுங்க! அன்னைக்கு மாரியாயிய விட்டாங்களா?"

"ஆமா, போடுங்க, போடுங்க" என்று நாலைந்து குரல் சேர்ந்தது. ஜெஸிந்தாவின் கை சும்மா இருந்தது. அந்தக் கைக்கு அது புதிது.

மாரியாயி அதட்டினாள். "அட, சும்மா இருங்க எல்லாரும். வேண்டாம்னு சொன்னா விட்ருங்க. அன்னைக்கு என்னையக் கேட்டிருந்தா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன். கேக்காதது இவங்க தப்பு. கேட்டுட்டுப் போட்டா அது நம்ம தப்பு."

டெனின் அவளைப் பார்த்தார். ஹெல்மெட்டின் வாரை அவிழ்த்தார், மாட்டினார், மறுபடி அவிழ்த்தார்.

"நாளைக்கு விளக்கம் குடுக்கணுமில்ல?" என்றார் கடைசியில். "இங்கயே எழுதிக் குடுங்க. நானே கொண்டு போறேன். கம்பி பழசு, தானாக் கழண்டுதுன்னு எழுதினா..."

"தானாக் கழறலைங்க சார். நாந்தான் கழட்டுனேன்" என்றாள் மாரியாயி. ஜெஸிந்தா பக்கம் திரும்பினாள். "நான் சொல்றேன், எழுதுங்க. அன்னைக்கு மாதிரியே எழுதணும். ஒரு எழுத்து மாத்தக் கூடாது."

ஜெஸிந்தா நோட்டில் புதுப் பக்கம் புரட்டினாள். மாரியாயி யோசித்து யோசித்துச் சொன்னாள்: "வேலிய நான் கழட்டுனது நெசம். தண்ணி இல்லாமக் கழட்டுனேன். நாத்து அழியணும்னு கழட்டல. ஊத்துத் தண்ணிய வுட்டா நாங்க கம்பிய நாங்களே காவல் காப்போம்." நான்கே வரி. மாரியாயி கைநாட்டு வைத்தாள். கீழே இருபத்திமூன்று பேரும் வரிசையாக வைத்தார்கள். டெனின் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பொத்தானைப் போட்டுக்கொண்டார். "உறுதி சொல்ல முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போய் ஒரு மைல் ஆகும் வரை பைக் சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலம் ஏறிய குறிப்பில் 11.25க்கு எதிரே இப்படி இருந்தது: 'ஒருவர் தன்னைப் பற்றியதைப் போட வேண்டாம் என்றார். போடவில்லை.' முகப்பில் மூன்று விதிகளுக்குக் கீழே நான்காவதாக ஒன்றும் சேர்ந்தது: பேசியவர் காது கேட்கப் படித்துக் காட்டாமல் எதையும் போடக் கூடாது. அதைச் சேர்த்தது வெற்றிச்செல்வன். மூன்று விதியும் தான் எழுதியது என்கிற பெருமைக்காரர், நான்காவதை ஜெஸிந்தா சொல்லச் சொல்லத் தட்டினார்.

திங்கட்கிழமை எஸ்டேட்டிலிருந்து தகவல் இல்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. அந்த இரண்டு நாளும் ஜெஸிந்தா அலுவலகத்தில் நான்கு கிண்ணத்தை மாற்றி வைத்தாள். ருசி பார்ப்பவர் முறைத்தார். புதன்கிழமை மத்தியானம் காளிமுத்துவிடமிருந்து போன் வந்தது. பேச்சில்லை. பின்னணியில் நாற்பது பெண்கள் கொழுந்து பறிக்கிற சத்தமும், எல்லாவற்றுக்கும் மேலே, மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாரியாயியின் குரலும்: "அந்த வரிசைய யாருடி பாதில விட்டது? எம் பேருல எழுதிருவாங்க, வந்து பறிச்சு முடி!"

ஜெஸிந்தா போனைக் காதில் வைத்தபடி அங்கேயே நின்றாள். ருசி பார்ப்பவர் ஏதோ சொன்னார்; அவள் எழுதவில்லை. அவர் வாழ்நாளில் முதல்முறையாக, இரண்டாம் தடவை சொன்னார்.

அடுத்த மாதம் அந்தப் பக்கம் போனபோது, காளிமுத்துவோடு வேலி ஓரமாக நடந்தாள். எஸ்டேட்காரர்கள் வேலியில் வாசல் எதுவும் வைத்துக் கொடுக்கவில்லை. ஐந்து கம்பியும் ஐந்து கம்பியாகவே இருந்தது. ஆனால் கீழிரண்டு கம்பிகளுக்கு ஆணி இல்லை. கொக்கி. எடுத்தால் வரும், மாட்டினால் நிற்கும். புதுக் கொக்கி, எஸ்டேட் ஸ்டோர் பெயிண்ட் கூட மங்கவில்லை. கொக்கியை ஒட்டி ஈர மண்ணில் வெறுங்காலடிகள் உள்ளே போயிருந்தன, திரும்பியும் வந்திருந்தன. கொஞ்சம் தள்ளி பைக் டயர் தடம்.

காளிமுத்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அவள் கையில் இருந்த நோட்டைப் பார்த்தார்.

"என்னங்கக்கா, மணி என்னன்னு போட்டுக்கலையா?"

"எதுக்குங்க மணி?" என்று கேட்டுவிட்டு ஜெஸிந்தா முன்னால் நடந்தாள்.